செய்தித்தாளுக்கு மேலே உயர்ந்த கை

நான் தொலைக்காட்சி பார்ப்பவள். சமூகப்பணியில் முதுகலை முடித்தவர்கள் இதைப் பொதுவாக ஒப்புக்கொள்வதில்லை. எங்கள் அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் "டிவியா? அதுக்கெல்லாம் ஏதுக்கா நேரம்?" என்பார்கள். ஆனால் மதியச் சாப்பாட்டின்போது, எட்டரை மணித் தொடரின் மருமகள் நேற்று எந்தப் பள்ளத்தில் தள்ளிவிடப்பட்டாள் என்பது அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும். நான் மறைப்பதில்லை. மாலையில் பசுமலையில் என் வீட்டுக் கதவைத் திறந்ததும் முதலில் மின்விசிறியைப் போடுவேன், அடுத்ததாகத் தொலைக்காட்சியை.

பார்ப்பதோடு நிற்பதும் இல்லை. ஓர் அறை விழுந்தால் அதை ஏன் பல கோணங்களில் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள், முன்னோட்டத்தில் அறுந்து விழும் தாலி மறுநாள் வெறும் கனவாக முடிவது எந்த ஊர் நியாயம், விவாத நிகழ்ச்சியில் ஆளுக்கொரு கட்டத்தில் அடைத்துவிட்டு ஒருவரையும் வாக்கியம் முடிக்கவிடாமல் அனுப்புவதால் யாருக்கு என்ன தெளிவு பிறந்தது என்றெல்லாம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விடாமல் எழுதுவேன். "டிவிக்காரனுக்குச் சம்பளம் வாங்காத ஆடிட்டர் ஒருத்தி எங்க வீட்ல இருக்கா" என்று அண்ணன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் அன்பும் என் கோபமும் ஒருசேரப் போய்ச் சேருவது பாட்டுப் போட்டிகளிடம். ஆட்டோ ஓட்டுபவரின் குரலையும், மருத்துவமனை வரவேற்பறையில் சீட்டு எழுதுபவரின் குரலையும் ஒரு மாநிலமே உட்கார்ந்து கேட்கும்படி செய்ய வேறெந்த மேடையால் முடிந்திருக்கிறது? அது உண்மையான பொதுச்சேவை. ஆனால் பாட்டுக்கு முன்னால் ஒரு சிறு படம் போடுகிறார்கள். 'வி.டி.' என்பது அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர். பாட வந்தவரின் வீட்டைக் காட்டுவார்கள், வயலின் இழையும், தாயார் முந்தானையால் கண்ணைத் துடைப்பார். பாட்டைக் கேட்பதற்கு முன்பே பாடுபவருக்காக நம்மை இரங்கச் சொல்கிறார்கள். இரங்கிய பிறகு கேட்கும் காது நேர்மையான காது அல்ல என்பது என் கட்சி.

இதை வெறும் ரசனைப் பிரச்சினையாக நான் நினைக்கவில்லை. குடும்பச் சிக்கல்களோடு வரும் பெண்களுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. "பொறுத்துப் போறவதான் கடைசில ஜெயிப்பா மேடம்" என்று ஒரு பெண் என்னிடம் சொன்னபோது, அந்த வசனத்தை எந்தத் தொடரில் கேட்டேன் என்பது எனக்கு நினைவிருந்தது. கண்ணாடித் திரையில் சொல்லப்படுவது கண்ணாடிக்கு உள்ளேயே தங்கிவிடுவதில்லை.

இத்தனை தீர்மானமாகப் பேசிக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக்கே அந்த வி.டி. வந்து சேர்ந்தது.

என் மதினி, அதாவது அண்ணனின் மனைவி, வண்டியூர்த் தெப்பக்குளத்தின் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். நன்றாகப் பாடுவார். இயந்திரம் தாளைத் தள்ளும் ஓசைக்கே சுருதி சேர்த்து முணுமுணுப்பார். நகல் எடுக்க வந்தவர்கள் வேலை முடிந்த பின்னும் நிற்பார்கள். அண்ணன் வாடிப்பட்டிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். காலையில் அவர் பேருந்துக்குக் கிளம்பும் முன் அந்த வீட்டுச் சமையலறையில் ஒரு வழக்கம் உண்டு. மதினி அடுப்படியில் நின்று பாடுவார். அண்ணன் தரையில் உட்கார்ந்து காய் நறுக்குவார். கத்தி பலகையில் தாளம் போடும். மதினிக்கு ஒரு பழக்கம் இருந்தது. பல்லவி முடிந்து சரணம் தொடங்கும் இடத்தில் மூச்சு எடுக்காமல் அவசரமாக உள்ளே நுழைந்துவிடுவார். சரியாக அந்த இடத்தில் அண்ணன், தலையைத் திருப்பாமலே இடது கையை உயர்த்துவார், போக்குவரத்துக் காவலர் வண்டியை நிறுத்துவதைப் போல. மதினி நிற்பார், மூச்சு எடுப்பார். கை இறங்கும். சரணம் தொடங்கும். "எனக்கு ராகமெல்லாம் தெரியாது பாப்பா, எண்ணத்தான் தெரியும்" என்பார் அண்ணன். கல்யாணமான புதிதிலிருந்தே அப்படித்தான். கையை உயர்த்துவது அவருக்கே தெரியுமா என்பதுகூட எனக்குச் சந்தேகம்.

சென்ற ஆண்டு ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த குரல் தேர்வில் மதினி தேறினார். மேடைச் சுற்றுக்கு முன் தொலைக்காட்சியிலிருந்து ஓர் ஒருங்கிணைப்பாளர் தொலைபேசியில் அழைத்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நானும் அங்கிருந்தேன். மதினி ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு இட்லி ஊற்றிக்கொண்டே பேசினார்.

"மேடம், உங்க ஸ்டோரி சொல்லுங்க. அப்பா இருக்காங்களா?"

"இருக்காரு. நல்லா இருக்காரு. நேத்துகூட பரோட்டா வாங்கிட்டு வந்தாரு."

"லைஃப்ல கஷ்டம் ஏதாச்சும்?"

மதினி யோசித்தார். "கேஸ் சிலிண்டர் லேட்டா வருது தம்பி."

"அது இல்ல மேடம். நீங்க பாட வர்றதுக்கு வீட்ல ஒத்துக்கிட்டாங்களா?"

"ஒத்துக்காம என்ன? தேதியச் சொன்னதும் மொதல்ல வேணாம்னாரு எங்க வீட்டுக்காரரு…"

பரீட்சை நேரம், அதனால் விடுப்புக் கிடைக்காது என்பதற்காகத்தான் அண்ணன் அப்படிச் சொன்னார். மதினி அந்த விளக்கத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே எதிர்முனைக் குரல் மலர்ந்துவிட்டது. "சூப்பர் மேடம்! அதுதான் நமக்கு வேணும்!"

அடுத்த ஞாயிறு நான் போனபோது கதை எழுதி வந்திருந்தது. மனைவி பாடக் கூடாது என்று தடுக்கும் கணவன். அடுப்படியில் யாருக்கும் கேட்காமல் பாடும் மனைவி. கணவன் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "இந்த வீட்ல பாட்டுச் சத்தமே கேக்கக் கூடாது" என்று சொல்ல வேண்டும். பிறகு சென்னை மேடையில் மனம் மாறி மாலை போட வேண்டும். இந்தக் கதை வேண்டாமென்றால், அந்த இடத்துக்குக் காத்திருப்போர் பலர் உண்டு என்பதையும் மிகுந்த மரியாதையோடு சொல்லியிருந்தார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் இட்லி இறங்கவில்லை. அண்ணனோ சிரித்தார்.

"நடிப்புத்தானே பாப்பா. சீரியல்ல வில்லனா வர்றவன்லாம் வீட்டுக்குப் போனா நல்லவனாத்தான இருக்கான்?"

"அவனுக்கு வேசம் வேற, பேரு வேற அண்ணே. உனக்கு ரெண்டும் ஒன்னாப் போயிரும். நாளைக்கு வாடிப்பட்டில யார் வீட்டு வாசல்ல போயி நிப்ப?"

அண்ணனின் சிரிப்பு நின்றது. நான் எதைச் சொல்கிறேன் என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. பத்தாம் வகுப்போடு பெண்ணை நிறுத்திவிடும் வீடுகளுக்கு ஆண்டுதோறும் அவர் நடந்தே போவார். தகப்பன்மாரிடம் பேசிப் பேசிப் பெண்களைத் திரும்பப் பள்ளிக்குக் கொண்டுவந்துவிடுவார். அதற்கு அவரிடம் அதிகாரமும் இல்லை, ஆணையும் இல்லை. இருப்பதெல்லாம் அவர் சொல்லுக்கு அந்த ஊர்களில் உள்ள மதிப்பு ஒன்றுதான். மனைவியின் வாயை அடைத்தவர் என்று அவரை அத்தனை வீட்டுத் திரையிலும் காட்டிவிட்டால், "மொதல்ல ஒங்க வீட்டப் பாருங்க வாத்தியாரே" என்று எந்தத் தகப்பனும் கதவைச் சாத்தலாம். மாலை போடும் காட்சி அதைத் துடைக்காது. அதுமட்டுமன்று. பாடுவது கணவன் மனமிரங்கித் தரும் வரம் என்று, பார்க்கும் பெண்களுக்கும் அது சொல்லிக்கொடுக்கும்.

மதினி இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். முதுகைக் காட்டியபடியே சொன்னார்: "எம்புட்டு வருசமா இதுக்குக் காத்திருக்கேன்னு ஒங்க ரெண்டு பேருக்கும் தெரியும்."

அதன்பிறகு என்னால் வாதாட முடியவில்லை. அண்ணனின் சொல் போவது ஓர் இழப்பென்றால், இப்படி ஒரு குரல் ஜெராக்ஸ் கடையோடு நின்றுபோவதும் இழப்புதான். என் கொள்கைக்கான விலையை மதினி கொடுக்க வேண்டும் என்று சொல்ல நான் யார்? முடிவை அண்ணனே எடுத்தார். "நீ பாடு. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

ஒத்திகை தொடங்கியது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவர்கள் மகள்தான் இயக்குநர்.

"அப்பா, மொறைக்கச் சொன்னா ஏன் விடைத்தாள் திருத்துற மாதிரி பாக்குறீங்க? அத்தே, நீங்களே சொல்லுங்க, இது மொறப்பா?"

அண்ணன் குரலைக் கனமாக்கிக்கொண்டார். "இந்த வீட்ல பாட்டுச் சத்தமே கேக்கக் கூடாது. புரிஞ்சுதா? புரியாதவங்க எந்திரிச்சு நில்லுங்க."

மதினி வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினார். மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, இவர வச்சுக்கிட்டு ஒரு வில்லத்தனமும் பண்ண முடியாது!" நானும் சிரித்தேன், ஆனால் என் உள்ளம் சிரிக்கவில்லை.

படப்பிடிப்புக் குழு ஒரு காலையில் வந்திறங்கியது. நான் மனத்தில் வரைந்து வைத்திருந்த கொடியவர் எவரும் அதில் இல்லை. இயக்குநர் இளைஞர், பணிவானவர். வீட்டுக்குள் நுழையும் முன் செருப்பை ஒழுங்காகக் கழற்றி ஓரமாக வைத்தார். "ஆடியன்ஸ் கனெக்ட் ஆகணும் சார், அதுக்குத்தான்" என்று அண்ணனிடம் கிட்டத்தட்ட மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார். இந்தத் தொழிலைப் பற்றி அன்று நான் ஒன்றைப் புரிந்துகொண்டேன். பொய்யை விரும்பிச் செய்பவர்கள் குறைவு. போன வாரம் எடுபட்டது இந்த வாரமும் எடுபடும் என்ற பயத்தில் செய்பவர்களே மிகுதி.

காட்சி எளிமையானது. கூடத்தில் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து முகம் மறையச் செய்தித்தாளை விரித்துப் பிடிக்க வேண்டும். பின்னால் சமையலறை வாசலில் மதினி மெல்லப் பாட வேண்டும். சரணம் தொடங்கியதும் அண்ணன் தாளை மடித்து வசனம் பேச வேண்டும்.

மதினி பாடினார். பல்லவி முடிந்தது. செய்தித்தாளுக்கு மேலே அண்ணனின் இடது கை உயர்ந்து நின்றது. மதினி நின்று மூச்சு எடுத்தார். கை இறங்கியது. சரணம் தொடங்கியது.

"கட்! சார், கை எதுக்கு?"

"என்ன கை?" என்றார் அண்ணன்.

"தூக்குனீங்களே சார்."

"நானா?"

மீண்டும் எடுத்தார்கள். மீண்டும் கை உயர்ந்தது. இம்முறை அண்ணனுக்கே அது தெரிந்துவிட்டது, காதுவரை சிவந்தார். "மன்னிச்சுக்கங்க தம்பி, அந்த எடத்துல இவ அவசரப்பட்டுருவா. அதான்…" இயக்குநர் வேறு வழி சொன்னார். தாளை மடியில் வைத்துவிட்டு, இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்ளலாம். அண்ணன் அப்படியே செய்தார், தண்டனை பெற்ற மாணவனைப் போல.

மதினி பாடினார். பல்லவி முடிந்தது. கை உயரவில்லை. மதினி மூச்சில்லாமல் சரணத்துக்குள் ஓடினார், தாளம் தவறியது, குரல் பாதியில் நின்றது. கேமரா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மதினி சமையலறை வாசலிலிருந்து கரண்டியோடு கூடத்துக்கு வந்து நின்றார்.

"கை எங்கங்க?"

"அவுங்கதான் வைக்கச் சொன்னாங்க."

"எங்க வச்சிருக்கீங்க?"

"மேல உக்காந்திருக்கேன்."

"எந்திரிங்க மொதல்ல! ஊரையே கூட்டி வச்சுப் பாடச் சொல்லிட்டுக் கைய ஒளிச்சு வச்சா நான் எதப் பாத்துப் பாடுறது?"

முதலில் சிரித்தவர் ஒளிப்பதிவாளர். தேனிப் பக்கத்துக்காரர், சிரித்தபோதும் கேமராவை அணைக்கவில்லை. பிறகு மகள், பிறகு நான், கடைசியில் இயக்குநரும் சிரித்தார். மதினி மட்டும் சிரிக்கவில்லை. ஏதோ ஒன்றை அப்போதுதான் முதன்முறையாகப் பார்ப்பவர் போல அண்ணனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இயக்குநர் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இவரு எனக்குப் பாட அனுமதி குடுக்கவும் இல்ல, தடுக்கவும் இல்ல. கூடவே பாடிக்கிட்டு இருக்காரு, வாயத் தொறக்காம. இதக் காட்டுறதா இருந்தாக் காட்டுங்க. அந்த வசனத்த இவரு பேச மாட்டாரு. வேற ஆள எடுக்கணும்னா எடுத்துக்கங்க. நான் கடையத் தொறக்கப் போறேன்."

எத்தனையோ தொடர்களின் உச்சக் காட்சிகளைப் பார்த்தவள் நான். அவை எதிலும் ஒரு பெண் தன் வாழ்நாள் ஆசையை இவ்வளவு அமைதியாகத் தராசில் வைத்ததில்லை. பின்னணி இசை இல்லாமல் வைத்ததும் இல்லை. என் வாதத்தால் சாதிக்க முடியாததை அவர் ஒரு கரண்டியைப் பிடித்துக்கொண்டு சொல்லி முடித்துவிட்டார்.

இயக்குநர் தெருவுக்குப் போய்ச் சென்னையோடு பேசினார். "இல்ல சார்… அழுகை வராது சார்… கை சார், கை…" என்பது வாசல்வரை கேட்டது. திரும்பி வந்து, "அழுகை இல்லாம எப்படிய்யா முடியும்னு கேக்குறாங்க" என்றார்.

ஒளிப்பதிவாளர் தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "எடுத்ததை மொதல்ல அனுப்பி வைங்க சார். பாத்துட்டு அப்பறமா அழட்டும்."

அனுப்பினார்கள். பதிலுக்குக் காத்திருந்தோம். மதினி உண்மையாகவே கடைச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார். இயக்குநரின் தொலைபேசி ஒலித்தது. கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. "ஓகே சார்… ஓகே சார்…" என்று வைத்தவர், அண்ணனைப் பார்த்துக் கும்பிட்டார். "சார், அந்தக் கைய இன்னும் ரெண்டு ஷாட் எடுத்துட்டு வரச் சொல்றாங்க. கிச்சன்லயும் வேணுமாம்."

"காய் நறுக்கவா?" என்றார் அண்ணன்.

"நறுக்குங்க சார், தாராளமா நறுக்குங்க!"

அன்று தேவைக்கு மேல் வெட்டப்பட்ட வெண்டைக்காயைத் தெருவே சாப்பிட்டது.

சென்னை அரங்கில் அண்ணன் குடும்பத்தார் வரிசையில் உட்கார வைக்கப்பட்டிருந்தார். அவ்வளவு விளக்குகளையும் கண்டு அவர் மிரண்டுபோயிருந்தார் என்று மகள் சொன்னாள். ஆனால் பல்லவி முடிந்த இடத்தில் கை தானாக உயர்ந்தது. சற்று முன்பு வி.டி.யைப் பார்த்திருந்த அரங்கம் முழுவதும் சிரித்தது. பிறகு, அந்தக் கை நின்ற நேரம் முழுக்க, மூச்சைப் பிடித்துக்கொண்டது. மதினி மூச்சு எடுத்துச் சரணத்துக்குள் நுழைந்தார். அவர் அவ்வளவு சுத்தமாக நுழைந்து நான் கேட்டதில்லை. நடுவர்கள் எழுந்து நின்றார்கள். ஒளிபரப்பான அன்று வண்டியூர் வீட்டுக் கூடத்தில் நிற்க இடமில்லை. பக்கத்து வீட்டு ராவுத்தர் குடும்பத்து அக்கா உரத்த குரலில், "மாஷா அல்லாஹ்! மதினி பாட்டு ஒரு பக்கம் இருக்கட்டும், அண்ணே, ஒங்க கைக்கு ஒரு மோதிரம் போடணும்!" என்றார்.

மதினி அரையிறுதிவரை போனார். பட்டம் வேறொருவருக்குக் கிடைத்தது, நன்றாகப் பாடியவருக்குத்தான். அதைத் தோல்வி என்று எங்கள் வீட்டில் எவரும் சொல்வதில்லை. இப்போது கச்சேரிகளுக்கு அழைக்கிறார்கள். ஜெராக்ஸ் கடைக்கு உதவிக்கு ஆள் வைத்திருக்கிறார்.

விமர்சகர் என்ற முறையில் ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். அடுத்தடுத்த வாரங்களில் அந்த நிகழ்ச்சியில் கணவன்மார்களின் கைகள் வரிசையாக உயரத் தொடங்கின. ஒருவர் கண்ணால் தாளம் போட்டார். இன்னொருவர் தோசைக் கரண்டியால் போட்டார். அவற்றில் எத்தனை உண்மை என்று எனக்குத் தெரியாது. ஒன்று எடுபட்டால் அதையே தேயத் தேய ஓட்டுவது இந்தத் தொழிலின் தீராத நோய். குடும்பக் குழுவில் இதைக் கண்டித்து எழுத உட்கார்ந்தேன், எழுதாமல் நிறுத்தினேன். போலி செய்துதான் ஆக வேண்டுமென்றால், மனைவியை அடக்கும் கணவனைப் போலி செய்வதைவிட, அவள் மூச்செடுக்கக் காத்திருக்கும் கணவனைப் போலி செய்வது நல்லது. விளைவைக் கொண்டு எடை போடச் சொல்லித்தான் எனக்குக் கல்லூரியில் கற்பித்தார்கள்.

விளைவையும் என் கண்ணாலேயே பார்த்தேன். இந்த ஆண்டு பள்ளி திறந்த சமயம், வாடிப்பட்டிக்கு அப்பால் ஒரு வீட்டுக்கு அண்ணன் என்னையும் அழைத்துப் போனார். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த பெண். மில் வேலைக்கு அனுப்புவதாக முடிவாகியிருந்தது. வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த தகப்பனார் எங்களைக் கண்டதும் எழுந்தார்.

"வாங்க வாத்தியாரே. டிவில பாத்தோம். பொண்டாட்டியப் பாட விட்ட மகராசன்ல நீங்க!"

"நான் விடலய்யா. அது அவ பாட்டு, அவ பாடுறா. மூச்சு எடுக்கத்தான் நான் சொல்றது."

தகப்பனார் சிரித்தார். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு, மில்லைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் ஊர்ப் பேச்சைப் பற்றியும் நிறுத்தாமல் பேசத் தொடங்கினார். அண்ணன் வாயைத் திறக்கும் முன்பே, வாசற்படியில் நின்றிருந்த அந்தப் பெண்ணின் தாயார் இடது கையை உயர்த்தினார். தொலைக்காட்சியில் பார்த்த அதே கை. கணவர் பேச்சு பாதியில் நின்றது.

"கொஞ்சம் மூச்ச எடுங்க" என்றார் அந்த அம்மா. "புள்ள படிக்கணும்ங்குது. படிக்கட்டும்."

அவர் மனைவியைப் பார்த்தார், உயர்ந்து நின்ற கையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். "பாத்தீகளா வாத்தியாரே, ஒங்களால எங்க வீட்டுக்குள்ளயும் கை வந்துருச்சு!" என்று அலுத்துக்கொண்டார். அலுப்பில் சிரிப்பும் கலந்திருந்தது. உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்: "ஏத்தா, அந்த மார்க் சீட்ட எடுத்துக்கிட்டு வா."

அந்தப் பெண் இப்போது பதினொன்றாம் வகுப்பில், அண்ணனின் கணக்கு வகுப்பில் முதல் வரிசையில் உட்காருகிறாள். சந்தேகம் கேட்க அவள் கையை உயர்த்தும்போதெல்லாம் வகுப்பே சிரிக்கிறதாம். சிரிப்பு அடங்கும்வரை அண்ணன் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, "ம், கேளு" என்கிறாராம்.